எந்த மண்ணில் அடக்கம்? ஜனாஸாக்கள் எல்லை கடந்த வரலாறு

வளைகுடா நாடொன்றில் நம்மவர் ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஊரிலிருக்கும் அவர் குடும்பத்தாரிடம் இந்தியத் தூதரகம் கேட்கும் தாள்களுள் முதன்மையானது ஓர் ஒப்புதல் கடிதம். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அந்நாட்டிலேயே அடக்கம் செய்ய வேண்டுமா என்பதை நெருங்கிய வாரிசு எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்கறிஞரின் முத்திரையுடன் அனுப்ப வேண்டும். செய்தி வருவதோ பெரும்பாலும் நள்ளிரவில். பொழுது விடிவதற்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அழுகைக்கு நடுவே எடுக்கப்படும் அம்முடிவில் ‘எப்படியாவது கொண்டுவந்துவிடுவோம்’ என்பதே முதற்சொல்லாக எழுகிறது. ‘அங்கேயே அடக்கிவிடலாம்’ என்று யாரேனும் சொன்னால், அவர் இரக்கமற்றவர் என்றும் செலவுக்கு அஞ்சுகிறார் என்றும் பெயர் வாங்கிக்கொள்கிறார்.

இந்த மனநிலை நம் முன்னோரிடம் இருந்ததா? ஓர் உடல் நாட்டு எல்லையைக் கடக்க முத்திரையும் சான்றிதழும் வேண்டும் என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சற்றுப் பின்னே சென்று பார்ப்போம்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, உஹதுப் போர் முடிந்த நேரம். மதீனாவிற்கும் உஹது மலைக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. ஷஹீதானவர்களைச் சில குடும்பத்தார் ஒட்டகங்களில் ஏற்றி மதீனாவிற்குக் கொண்டுசெல்லத் தொடங்கினர். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் தந்தையும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டார். அவரைச் சுமந்து சென்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி. தம் குடும்பத்தாரின் மையவாடியில் அடக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவிப்பாளர் வந்து, கொல்லப்பட்டோரை அவர்கள் வீழ்ந்த இடத்திற்கே திருப்பிக் கொண்டுவருமாறு அறிவித்தார். உடல்கள் திரும்பின. உஹது அடிவாரத்திலேயே அடக்கம் நடந்தது. ஒரு கப்ரில் இருவர் என அடக்கப்பட்டவர்களுள் ஜாபிரின் தந்தையும் ஒருவர். மகனின் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்துத் தந்தையை எடுத்துத் தனிக் கப்ரில் அவர் அடக்கம் செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தந்தைக்கென ஓர் இடம் வேண்டும் என்ற அந்த ஏக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம்.

இன்னொரு நிகழ்ச்சி, நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உடன்பிறந்தாரைப் பற்றியது. அப்துர் ரஹ்மான் பின் அபீபக்ர் (ரலி) அவர்கள் மக்காவிற்கு வெளியே ஹுப்ஷீ என்ற இடத்தில் வஃபாத்தானார்கள். உடலை மக்காவிற்குச் சுமந்து வந்து அடக்கினர். பின்னர் மக்காவிற்கு வந்த அன்னையவர்கள் சகோதரரின் கப்ரருகே நின்று, தாம் உடனிருந்திருந்தால் இறந்த இடத்திலேயே அவரை அடக்கியிருப்போம் என்ற கருத்தில் பேசினார்கள். பிரிவின் துயரமும் சட்டத்தின் தெளிவும் அந்தப் பேச்சில் சேர்ந்தே இருக்கின்றன. இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அகீக் பள்ளத்தாக்கில் இறந்து, மதீனாவிற்குச் சுமந்து வரப்பட்டு அங்கே அடக்கப்பட்டார்கள். சில மைல் தொலைவுதான். ஆயினும் சஹாபாக்கள் இதைச் செய்தார்கள் என்பது பிற்கால அறிஞர்களுக்கு ஒரு சான்றாக நின்றது.

இவ்விருவகைச் சான்றுகளிலிருந்தே மத்ஹபுகளின் தீர்ப்புகள் கிளைத்தன. நம் கடற்கரை ஊர்கள் பலவும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இறந்த ஊரிலிருந்து வேறு ஊருக்கு ஜனாஸாவைக் கொண்டுசெல்வது கூடாது என்பதே இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் வலுவானதாகக் கண்ட கருத்து. மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றுக்கு அருகில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்குண்டு. ஹனஃபீ அறிஞர்கள் ஓரிரு மைல்களை அனுமதித்து, அதற்கு மேற்பட்டதை மக்ரூஹ் என்றனர். மாலிக்கீ மத்ஹபு இன்னும் இளகியது. உடல் சிதையாமலும் கண்ணியம் குலையாமலும் இருந்து, கொண்டுசெல்வதில் ஒரு நன்மையும் இருக்குமானால் தடையில்லை என்பது அவர்கள் நிலை. இக்கால அறிஞர் பலர் தேவை கருதி அனுமதி வழங்குவதும் உண்மையே. ஆகவே, உடலைக் கொண்டுவரும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இதை எழுதவில்லை. கொண்டுவராத குடும்பத்தையும் அக்கூண்டில் ஏற்றக்கூடாது என்பதே நம் கவலை.

சஹாபாக்களின் கப்ருகள் கிடக்கும் திசைகளைப் பார்த்தாலே போதும். பிலால் (ரலி) அவர்கள் திமிஷ்கில் அடங்கினார்கள். கடற்படையோடு சென்ற உம்மு ஹராம் (ரலி) அவர்கள் சைப்ரஸ் தீவில், வாகனத்திலிருந்து விழுந்து இறந்து, அங்கேயே அடக்கமானார்கள். அபூ அய்யூப் அல் அன்சாரீ (ரலி) அவர்களின் வசிய்யத்தோ வியப்பூட்டுவது. கான்ஸ்டாண்டினோபிள் முற்றுகையின்போது நோயுற்ற அவர், தம் உடலைப் பகைவர் நிலத்திற்குள் எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல இயலுமோ அவ்வளவு தூரம் கொண்டுசென்று அடக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த உடலும் சுமக்கப்பட்டதுதான். ஆனால் ஊரை நோக்கியன்று. ஊரைவிட்டு மேலும் விலகி.

தொலைவில் இறந்தவருக்காக ஊரில் இருப்போர் செய்யத்தக்கது என்ன என்பதற்கும் வழி காட்டப்பட்டிருந்தது. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷீ இறந்த செய்தியை அறிவித்த நபியவர்கள், மதீனாவில் சஹாபாக்களை அணிவகுத்து நிற்கச் செய்து தொழுதார்கள். மன்னரின் உடல் கடலுக்கு அப்பால் இருந்தது. நம் பள்ளிவாசல்களில் இன்றும் நடைபெறும் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு ஷாஃபிஈ மத்ஹபினர் கொள்ளும் ஆதாரம் இதுவே. உடல் முன்னிருக்க வேண்டும் என்பது நிபந்தனை எனக் கருதும் ஹனஃபீ மத்ஹபினர் இதை நடத்துவதில்லை.

இனி, முத்திரையின் கதைக்கு வருவோம். இறந்தவரின் பயணத்திற்குத் தூதரகச் சான்று கேட்ட பழக்கத்தைத் தெளிவாகக் காணத்தக்க இடங்களுள் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய ஈராக். நஜஃப், கர்பலா நகரங்களின் புனித அடக்கத்தலங்களில் அடங்க வேண்டும் என்பது ஷீஆப் பிரிவினரின் பெருவிருப்பம். ஈரானிலிருந்து கோவேறு கழுதைகளின் மேல், கம்பளி சுற்றிய உடல்கள் சாத்துக்கூட்டங்களாக வந்தன. இந்தியாவிலிருந்து பம்பாய் வழியாகக் கப்பலேறி பஸ்ராவில் இறங்கின. அதே நூற்றாண்டில்தான் காலரா மீண்டும் மீண்டும் உலகைச் சுற்றி வந்தது. 1866-இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, நோய் பரவும் வழிகளைக் குறித்து ஐரோப்பிய அரசுகளையும் உஸ்மானிய அரசையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது.

அதன் விளைவை எல்லையில் கண்டனர். ஈரான் எல்லையை ஒட்டிய கானகீனில் உடல்களைச் சோதிக்கும் நிலையம் இயங்கியது. உடல்கள் ‘ஈரம்’ என்றும் ‘உலர்ந்தவை’ என்றும் பிரிக்கப்பட்டன. அண்மையில் இறந்தவரின் உடலுக்குத் தடை இருந்தது. சொந்த ஊரில் முதலில் புதைக்கப்பட்டு, காலம் கழிந்து, எலும்பாகிவிட்டவற்றுக்கே அனுமதி கிடைத்தது. அதற்கும் ஈரானிலிருந்த உஸ்மானியத் தூதரக அதிகாரியின் சான்று வேண்டும், கட்டணமும் உண்டு. கட்டணம் வந்ததும் கள்ளக்கடத்தலும் வந்தது. எலும்புகளைச் சரக்கு மூட்டைக்குள் மறைத்து எல்லை தாண்டியவர்கள் உண்டு. இரு பேரரசுகளின் பிணக்குகளில் இறந்தோரின் உடலும் ஒரு பொருளாயிற்று. இறுதியில் ஷீஆ அறிஞர்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1911-இல் நஜஃபில் ஹிபத்துத்தீன் ஷஹ்ரஸ்தானீ என்பவர் இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதப்போய்ப் பெரும் விவாதம் மூண்டது. கண்ணியம் கருதித் தொடங்கிய ஒன்று கண்ணியக்குறைவாக முடியக்கூடும் என்பது அவர்கள் தம் அனுபவத்தில் கண்டது. வேறு பிரிவாரின் வழக்கம்தானே என்று நாம் கடந்துபோக இயலாது. இன்று நம் வீட்டு ஜனாஸாவோடு வரும் சான்றுகளின் முன்னோடிகள் அந்தக் கழுதைப் பாதையில் பிறந்தவையும்தாம்.

கொண்டுவர யாருக்கும் வாய்க்காமல்போன உடல் ஒன்றையும் இங்கே நினைக்க வேண்டும். முகலாயப் பேரரசின் இறுதி மன்னர் பகதூர் ஷா ஜஃபர், டெல்லிக்கு அருகே மெஹ்ரோலியில், குத்புத்தீன் பக்தியார் காக்கீ (ரஹ்) அவர்களின் தர்காவை ஒட்டித் தமக்கெனக் கப்ருக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில் கைதியாக இறந்தார். அன்றே அடக்கம் முடிந்தது. அடையாளம் தெரியாதவாறு இடம் சமன் செய்யப்பட்டது. 1991-இல் தோண்டும் பணியொன்றின்போதுதான் அந்தக் கப்ரு வெளிப்பட்டது. மெஹ்ரோலியில் அவர் ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.

நம் தமிழ் முஸ்லிம்களின் கடல் வாழ்வு இதே காலத்தில் பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என விரிந்திருந்தது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் காதிர் முஹைதீன் 1834-இல் இறந்து பினாங்கிலேயே அடங்கினார். செல்வமும் செல்வாக்கும் மிகுந்தவர்க்கே அதுதான் நடந்தது என்றால் கூலிக்குச் சென்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திற்கும் மலாயாவிற்கும் இடையே 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் பயணம் ஒரு வாரத்தை ஒட்டியது. வழியில் மௌத்தானவர்க்குக் கடலே கப்ரு. அதற்கும் ஃபிக்ஹு நூல்கள் முறை வகுத்திருந்தன. குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, பின்னர் உடலை இரு பலகைகளுக்கிடையே கட்டிக் கடலில் விட வேண்டும். அலை கரை சேர்த்தால் அங்குள்ள முஸ்லிம்கள் அடக்கக்கூடும் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). பாரம் கட்டி அமிழ்த்துவதே முறை என்றனர் வேறு அறிஞர்.

ஊரில் செய்தி கடிதமாக வந்தது, சில வாரம் கழித்து. யாசீன் ஓதினர், தொழுதனர், மனைவி இத்தா இருந்தார். நம் குடும்பத்திலும் ரங்கூனில் அடங்கிய மூதாதை ஒருவர் உண்டு. அவரைக் கொண்டுவரவில்லையே என்று வீட்டில் யாரும் குறைபட்டுக்கொண்டதாகக் கேட்டதில்லை. இயலாததைப் பற்றி யாரும் குற்றவுணர்வு கொள்வதில்லை. இயலும் என்று வந்த பிறகே அது கடமைபோல் தோற்றம் கொண்டது.

அந்த ‘இயலும்’ எப்போது வந்தது? மௌலானா முஹம்மது அலீ ஜவ்ஹரின் ஜனாஸா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்ற அவர், விடுதலையோடுதான் திரும்புவேன், இல்லையேல் சுதந்திர நாட்டில் ஒரு கப்ரு தாருங்கள் என்ற பொருளில் அங்கே பேசினார். 1931 ஜனவரி 4 அன்று லண்டனில் இறந்தார். ஜெருசலேம் முஃப்தி அமீன் அல் ஹுசைனீ அழைப்பு விடுக்க, உடன்பிறந்தார் ஷௌகத் அலீ உடலைக் கடல்வழியே எகிப்துக்கும் அங்கிருந்து பைத்துல் முகத்தஸுக்கும் கொண்டுசென்றார். ஜனவரி 23 அன்று ஹரம் ஷரீஃபின் மேற்கு எல்லையை ஒட்டி அடக்கம் நடந்தது. பத்தொன்பது நாள். இவ்வளவு நாள் உடல் தாங்கியதற்கு வேதிப்பொருளால் பதப்படுத்தும் கலையே காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்புவதற்காகப் பரவிய கலை அது. சுதந்திர மண்ணைக் கேட்டவருக்குக் கிடைத்த பாலஸ்தீனமும் அன்று பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இருந்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

ஆறாண்டு கழித்து, 1937 பிப்ரவரி 10 அன்று பெர்லினில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இறந்தோரின் உடல்களை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதைப் பற்றியது. ஐரோப்பிய நாடுகள் பலவும் எகிப்து, துருக்கி ஆகியவையும் அதில் இணைந்தன. இறந்தவருக்கெனத் தனியாக ஒரு கடவுச்சீட்டு வேண்டும் என்றது அது. பெயர், வயது, இறந்த இடம், நாள், காரணம் ஆகியன அதில் இருக்க வேண்டும். பெட்டியைக் குறித்த விதிகளோ ஒரு தச்சருக்குச் சொல்வதுபோல் நுணுக்கமானவை. உள்ளே காற்றுப் புகாதவாறு பற்றவைத்த உலோகப் பெட்டி. அதன் அடியில் மரத்தூள், கரித்தூள் போன்ற ஈரம் உறிஞ்சும் பொருள் ஏறத்தாழ 5 செ.மீ. கனத்திற்கு, வெளியே 3 செ.மீ.க்குக் குறையாத தடிப்புள்ள மரப்பெட்டி. திருகாணிகளுக்கிடையே 20 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. பிளேக், காலரா, அம்மை, டைபஸ் காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவர் ஓராண்டு கழியாமல் எல்லை தாண்டக்கூடாது. கானகீன் நிலையத்தின் ‘உலர்ந்த’ உடல் இங்கே வேறு சொற்களில் திரும்பி வந்தது.

1973-ஐ ஒட்டி எண்ணெய் விலை உயர்ந்து, நம் இளைஞர்கள் வளைகுடாவிற்கு விமானமேறத் தொடங்கியபோது இவ்விதிகளின் சாயலே அவர்களுக்காகக் காத்திருந்தது. மருத்துவமனை அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்று, விபத்தோ ஐயமோ இருப்பின் காவல்துறையின் அனுமதி, பதப்படுத்திய சான்று, ரத்து முத்திரையிட்ட கடவுச்சீட்டு, இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று. இந்தியாவில் இறங்கும்போது விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி வேறு. 2023-இல் நடுவண் சுகாதார அமைச்சகம் இந்த இறுதி அனுமதிக்கென ‘இ-கேர்’ என்னும் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியது.

செலவைப் பற்றிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, இறந்த தொழிலாளியின் உடலை ஆயத்தப்படுத்தி ஊருக்கு அனுப்பும் செலவை வேலை கொடுத்தவர் மேல் சுமத்துகிறது. குடும்பத்தின் ஒப்புதலோடு அங்கேயே அடக்கப்பட்டால் அப்பொறுப்பு நீங்கும். வேலை கொடுத்தவர் கைவிட்ட, வசதியற்றவர்களுக்காக இந்திய அரசு 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. உடலை அனுப்புவதற்கும் அங்கேயே அடக்குவதற்கும் அதிலிருந்து உதவி பெறலாம். கேட்காதவர்க்குத் தாமாக வந்து சொல்வோர் குறைவு.

பணத்தைவிடக் கடினமானது குளிப்பாட்டும் செய்தி. முத்திரையிட்ட பெட்டி ஊருக்கு வந்தபின் அதைத் திறந்து முறையாகக் குளிப்பாட்டுவது பல வேளைகளில் இயலாது. ஆகவே பெட்டி மூடப்படுமுன் அங்கேயே குளிப்பாட்டிக் கஃபனிட வேண்டும். வளைகுடா நகரங்களில் நம்மவர்கள் வேலை முடிந்த இரவுகளில் கூலி வாங்காமல் இப்பணியைச் செய்துவருகிறார்கள். ‘குளிப்பாட்டியாயிற்றா, தொழவைத்தாயிற்றா?’ என்று குடும்பத்தார் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. விமானம் எப்போது என்று கேட்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஹஜ்ஜுக்குச் சென்றவர் மக்காவில் மௌத்தானால் ஷராயாவிலோ ஜன்னத்துல் முஅல்லாவிலோ, மதீனாவில் என்றால் பகீஇலோ அடக்கம் நடக்கிறது. உடல் ஊருக்கு வராது. அதைப் பாக்கியமாக ஏற்கிறோம்; துக்கம் விசாரிக்க வருவோரும் அவ்வாறே சொல்கிறார்கள். தம்மாமில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த தொழிலாளியின் வீட்டில் அதே நாவுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. புனித மண்ணின் சிறப்பு தனிதான். ஆயினும் ஹலாலான உழைப்பிற்காகச் சென்ற இடத்தில் முஸ்லிம்களின் மையவாடியில், முஸ்லிம்கள் தொழவைத்து அடக்கிய கப்ரு ‘அநாதைக் கப்ரு’ ஆகிவிடாது. பிறந்த ஊருக்கு அப்பால் இறப்பவரின் சிறப்பைக் கூறும் நபிமொழியும் நம் நூல்களில் இருக்கிறது.

விதவையின் இத்தா குறித்த ஒரு பிழையையும் இங்கே சுட்ட வேண்டும். ஜனாஸா வந்து சேர்ந்த நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாளைக் கணக்கிடுகின்றன சில வீடுகள். உடல் வர ஒரு மாதம் ஆனால் அப்பெண்ணின் மேல் ஒரு மாதம் கூடுதலாகச் சுமத்தப்படுகிறது. நான்கு மத்ஹபுகளின்படியும் இத்தா தொடங்குவது கணவர் இறந்த நாளிலிருந்து. செய்தி தாமதித்தாலும், உடல் தாமதித்தாலும், உடல் வராமலேயே போனாலும் கணக்கு மாறாது. அவர் கருவுற்றிருந்தால் பிரசவத்தோடு முடியும்.

தூதரகம் கேட்கும் அந்த ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட முதல் உரிமையுடையவரும் பெரும்பாலும் அதே பெண்தான். கொழுந்தனும் மாமனாரும் ஜமாஅத்தாரும் முன்வாசலில் கூடிப் பேசி முடிவெடுத்துத் தாளை உள்ளே அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இத்தாவில் இருப்பவர் தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல மார்க்கம் இடமளிக்கிறது. நோட்டரியை வீட்டிற்கு அழைத்துவரவும் முடியும். தாள் அவர் கைக்குப் போகும்போது இரண்டு வழிகளும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதில் கையெழுத்திடுவது என்று அவரிடம் கேட்கவும் வேண்டும்.